குடத்துக்குப் போட்ட வாக்கு

(யாழ்ப்பாணத்தில் 2024 டிசம்பர் 22 அன்று நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



இன்றோடு நாற்பத்திரண்டு ஆண்டுகள் ஆகின்றன. 1982 டிசம்பர் 22, ஒரு புதன்கிழமை. இலங்கையில் இதுவரை நடந்த ஒரேயொரு சர்வசன வாக்கெடுப்பு அன்றுதான் நடந்தது. கேட்கப்பட்டது ஒரே கேள்வி. 1977இல் தெரிவான பாராளுமன்றத்தின் ஆயுளை, பொதுத்தேர்தல் வைக்காமலே, 1989 ஆகஸ்ட் 4 வரைக்கும் நீட்டலாமா? ஆம் என்றால் விளக்குச் சின்னம், இல்லை என்றால் குடம். நான் குடத்துக்குப் புள்ளடி போட்டேன். யாழ்ப்பாண மாவட்டத்தில் செல்லுபடியான வாக்குகளில் நூற்றுக்கு 91 குடத்துக்கே விழுந்தது.

இந்த 91 எங்கள் நினைவில் இல்லை. எங்கள் வரலாற்றைச் சொல்லுகிறவர்கள் 1981 ஜூனில் யாழ்ப்பாண நூலகம் எரிந்த கதையை முடித்தவுடன் 1983 ஜூலை இனக்கலவரத்துக்குப் போய்விடுகிறார்கள். நடுவில் இரண்டு வருடங்கள் கிடக்கின்றன. அந்த இரண்டு வருடத்துக்குள் இந்த மாவட்டத்தில் நான்கு தடவை வாக்குச்சாவடிகள் திறந்தன. தெற்கில் எழுதுகிறவர்களுக்கோ அது ஜே.ஆர். ஜயவர்தனவுக்கும் சிறிமாவோ பண்டாரநாயக்கவுக்கும் நடந்த சண்டையின் ஓர் அத்தியாயம். யாழ்ப்பாணம் அதில் ஓர் அடிக்குறிப்பாகக்கூட வருவதில்லை. அந்த வாக்குக்கு உரிய இடத்தைக் கொடுக்க வேண்டும் என்பதற்காகத்தான் இன்று உங்கள் முன் நிற்கிறேன். இந்த நாட்டில் இரண்டாவது சர்வசன வாக்கெடுப்பு ஒன்று வரக்கூடிய காலம் இது என்பது இன்னொரு காரணம்.

இளைஞர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போகிறேன். 1977 ஜூலைத் தேர்தலில் ஜே.ஆரின் ஐக்கிய தேசியக் கட்சி 168 ஆசனங்களில் 140ஐ வென்றது. ஆறில் ஐந்து பங்கு. சிறிமாவோவின் சுதந்திரக் கட்சி எட்டு ஆசனங்களோடு நின்றது. தமிழர் விடுதலைக் கூட்டணிக்கு 18. அதனால் அக்கட்சியின் அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரானார். அடுத்த வருடமே ஜே.ஆர். புதிய அரசியலமைப்பைக் கொண்டுவந்தார். நிறைவேற்று ஜனாதிபதி முறையும் விகிதாசாரப் பிரதிநிதித்துவமும் அதில்தான் வந்தன. 1980 அக்டோபரில் சிறிமாவோவின் குடியியல் உரிமை ஏழு வருடத்துக்குப் பறிக்கப்பட்டது. 1982 அக்டோபர் 20 ஜனாதிபதித் தேர்தலில் அவர் நிற்கவும் முடியவில்லை, மேடை ஏறிப் பேசவும் முடியவில்லை. ஹெக்டர் கொப்பேகடுவ அவர் இடத்தில் நின்றார். ஜே.ஆர். நூற்றுக்கு 52.9 வாக்கோடு வென்றார்.

இந்த 52.9ஐ மனதில் வைத்திருங்கள். விகிதாசார முறையில் உடனே ஒரு பொதுத்தேர்தல் வைத்திருந்தால் அந்த வாக்குக்குப் பாதியைக் கொஞ்சம் தாண்டிய ஆசனங்கள் கிடைத்திருக்கும். மூன்றில் இரண்டு பெரும்பான்மை போயிருக்கும். அரசியலமைப்பை நினைத்தபோதெல்லாம் திருத்தும் வசதியும் அதோடு போயிருக்கும். அவர்கள் தேர்தலைத் தவிர்த்ததற்கு இதைவிட வேறு காரணம் தேட வேண்டியதில்லை. சுதந்திரக் கட்சிக்குள் ஒரு நக்சலைட் கும்பல் சதி செய்கிறது, அவர்கள் பாராளுமன்றத்துக்கு வந்தால் நாடு கெட்டுவிடும் என்று நாட்டுக்குச் சொல்லப்பட்டது. அந்தச் சதி எந்த நீதிமன்றத்திலும் நிரூபிக்கப்படவில்லை. அரசியலமைப்புக்கு நான்காவது திருத்தம் எழுதினார்கள். ஏழு நீதியரசர்களில் நால்வர் அதற்கு வழிவிட்டார்கள், மூவர் மறுத்தார்கள். ஒரே ஒரு நீதியரசரின் முடிவு மாறியிருந்தால் இந்த நாட்டின் பின்னைய கதை வேறாக இருந்திருக்கலாம். ஆளும் கட்சி உறுப்பினர்களிடம் திகதி போடாத இராஜினாமாக் கடிதங்கள் முன்கூட்டியே வாங்கிவைக்கப்பட்டன.

வாக்கெடுப்பு எந்தச் சூழலில் நடந்தது என்பதை அதிகம் விரிக்கவில்லை. அவசரகால நிலை அமுலில் இருந்தது. கம்யூனிஸ்ட் கட்சியின் 'அத்த' பத்திரிகையின் அச்சகம் சீல் வைக்கப்பட்டது. சுதந்திரக் கட்சியின் மேடைகளில் கூட்டத்தைக் கட்டிவைத்திருந்த நடிகர் விஜய குமாரதுங்க தடுத்துவைக்கப்பட்டார். குடத்துக்கு வாக்குக் கேட்ட பௌத்த குருமார்களின் 'பவிதி ஹண்ட' அமைப்பினது துண்டுப் பிரசுரங்களைப் பொலிஸார் அள்ளிக்கொண்டு போனார்கள். அந்தக் குருமார் நீதிமன்றம் போய் வென்றார்கள். அடிப்படை உரிமை மீறப்பட்டது என்று 1983 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் சொன்னது. அரசாங்கம் அந்தப் பொலிஸ் அதிகாரிக்குப் பதவி உயர்வு கொடுத்தது. வாக்கெடுப்பு எப்படி நடந்தது என்று தேர்தல் ஆணையாளரே ஓர் அறிக்கை எழுதினார். முகவர்கள் விரட்டப்பட்டதும் ஆள்மாறாட்டம் நடந்ததும் அரசாங்க வெளியீட்டிலேயே பதிவாகியிருக்கின்றன. அந்த அறிக்கை 1987இல்தான் வெளிவந்தது. அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

யாழ்ப்பாணத்தைப் பற்றிச் சொல்கிறேன். அக்டோபர் ஜனாதிபதித் தேர்தலில் இந்த மாவட்டத்தில் வாக்காளர்களில் பாதிப் பேர்கூட வாக்களிக்கவில்லை. கூட்டணி வேட்பாளரை நிறுத்தவில்லை. வந்தவர்களில் அதிகம் பேர், 87,000 பேருக்கு மேல், தமிழ் வேட்பாளர் குமார் பொன்னம்பலத்துக்குப் போட்டார்கள். ஆச்சரியம் அடுத்த இடத்தில் இருந்தது. கொப்பேகடுவவுக்கு 77,000 வாக்கு. ஜே.ஆருக்கு 45,000கூட இல்லை. சிங்களம் மட்டும் சட்டத்தைக் கொண்டுவந்த கட்சியின் வேட்பாளருக்கு யாழ்ப்பாணம் இத்தனை வாக்குப் போட்டதற்குக் காரணம் தோட்டத்து வரம்பில் இருந்தது.

என் தகப்பன் வலிகாமத்துச் செம்மண்ணில் வெங்காயமும் மிளகாயும் செய்தவர். 1970 முதல் 1977 வரை கொப்பேகடுவ விவசாய அமைச்சராக இருந்தார். அந்த அரசாங்கம் வெங்காயம், செத்தல் மிளகாய், உருளைக்கிழங்கு இறக்குமதியைத் தடுத்துவைத்திருந்தது. எங்கள் ஊர்ப் பக்கத்துத் தோட்டக்காரர் கல்வீடு கட்டியதும், கிணற்றுக்குப் பம்ப் வாங்கியதும், பெட்டைகளுக்குச் சீதனம் சேர்த்ததும் அந்த வருடங்களில்தான். 1977க்குப் பிறகு திறந்த பொருளாதாரம் வந்தது. கப்பலில் வந்த வெங்காயத்தின் விலைக்கு எங்கள் வெங்காயம் நின்றுபிடிக்கவில்லை. ஒரு போகம் வெங்காயத்தைப் பிடுங்கிக் கட்டித் தொங்கவிட்டுவிட்டு, விலை ஏறும் ஏறும் என்று ஐயா காத்திருந்தது எனக்கு நினைவிருக்கிறது. முளைவிட்ட பிறகு மாட்டுக்கும் ஆகாது. டிசம்பர் வாக்கெடுப்பு அறிவிப்பு வந்த அன்று அவர் சொன்னது இதுதான்: "விளக்கோ குடமோ எண்டு கேக்கிறாங்கள். வெங்காயத்தை ஆரும் கேக்கேல்லை. பாராளுமன்றம் இன்னும் ஆறு வரியத்துக்கு இப்பிடியே கிடந்தால் எங்கடை தோட்டமும் இப்பிடியே கிடக்கும்."

அவருக்கு நான்காவது திருத்தம் தெரியாது. நீதியரசர்கள் நாலுக்கு மூன்றாகப் பிரிந்தது தெரியாது. தேர்தல் என்றால் ஆட்சியை மாற்றக்கூடிய வழி என்பது மட்டும் தெரியும். அந்த வழியை அடைக்கக் கேட்கிறார்கள் என்று அவருக்கு விளங்கிவிட்டது. சட்டம் படித்தவர்கள் பக்கம் பக்கமாக எழுதியதற்கும் அவர் சொன்னதற்கும் அர்த்தத்தில் வித்தியாசமில்லை.

நான் அப்போது ஹற்றன் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் கணிதம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். மலையகத்தில் நிலைமை நேர் எதிர். தொண்டமான் அமைச்சரவையில் இருந்தார், அவருடைய இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் விளக்குக்குக் கேட்டது. நுவரெலியா மாவட்டத்தில் விளக்கு வென்றது. இதை வைத்து மலையகத் தமிழர் எங்களைக் கைவிட்டார்கள் என்று யாழ்ப்பாணத்தில் பேசியவர்களை நான் கேட்டிருக்கிறேன். அந்தப் பேச்சு எனக்கு அன்றும் பிடிக்கவில்லை, இன்றும் பிடிக்கவில்லை. பள்ளி விடுமுறைக்கு முன்பு, லயத்து வாசலில் நின்று எனக்கு வணக்கம் சொல்லிப் பேச்சுக் கொடுத்த தோட்டத்துச் சங்கத் தலைவர் ஒருவர் கேட்டார்: "மாஸ்டர், உங்க ஊருக்கு எலக்சன் வேணும். எங்க ஆளுகளுக்கு முதல்ல வோட்டு வேணும். வாங்கித் தர்றேன்னு சொல்றவுங்களோடதானே நாங்க நிக்க முடியும்?"

1948இல் பறித்த குடியுரிமை 1982 ஆகியும் பல்லாயிரம் தோட்டக் குடும்பங்களுக்குத் திரும்பி வரவில்லை. சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தப்படி எத்தனையோ பேர் கப்பல் ஏறிவிட்டார்கள். மிச்சம் இருந்தவர்களுக்கு அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவரின் கட்சி வென்றால் என்ன ஆகும் என்ற பயம் இருந்தது. நாடற்றவர்களாக எஞ்சியிருந்தோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 1988இல் வந்தது. அவர்கள் விளக்குக்குப் போட்டதற்கு ஒரு நியாயம் இருந்தது. நாங்கள் குடத்துக்குப் போட்டதற்கும் ஒரு நியாயம் இருந்தது. ஒரே மொழி பேசும் இரண்டு சனம், ஒரே நாளில், எதிரெதிராகப் புள்ளடி போட்டோம். ஆம், இல்லை என்று இரண்டே வழியை நீட்டும் வாக்கெடுப்பில் இந்த நியாயங்களைச் சொல்ல ஓர் இடமும் கிடையாது. சர்வசன வாக்கெடுப்பின் முதல் குறை அதுதான் என்பது என் எண்ணம்.

விடுமுறையில் ஊருக்கு வந்து வாக்களித்தேன். நான் 1959இல் பிறந்தவன். 1977 பொதுத்தேர்தலில் எனக்கு வாக்கில்லை. 1983இல் வரவேண்டிய பொதுத்தேர்தல்தான் நான் பாராளுமன்றத்துக்கு ஒருவரைத் தெரிவுசெய்யும் முதல் தேர்தலாக இருந்திருக்க வேண்டும். அதை நடத்தலாமா விடலாமா என்று கேட்கும் சீட்டைத்தான் என் கையில் கொடுத்தார்கள். பள்ளிக்கூட மண்டபத்தில் வாக்குச்சாவடி. விறாந்தை வரை வரிசை. எனக்கு முன்னால் நின்ற ஒரு கிழவி, கண் பார்வை மங்கியவர், "தம்பி, குடம் மேலையோ கீழையோ?" என்று கேட்டார். வரிசைக்குள் அதைச் சொல்லக்கூடாது என்று பொலிஸ்காரர் தடுத்தார். கிழவி விடவில்லை. "வாசலிலை வைக்கிற நிறைகுடத்தைக் கண்டால் எனக்குத் தெரியாதே" என்று சொல்லிக்கொண்டு உள்ளே போனார். வெளியே வரும்போது மைபூசிய சுண்டுவிரலைத் தனக்குள் பார்த்துக்கொண்டே போனார்.

இந்த 91ஐ ஒரே குரல் என்று நான் சொல்ல வரவில்லை. வெங்காயத்துக்காகப் போட்டவர்கள் இருந்தார்கள். எரிந்த நூலகத்துக்காகப் போட்டவர்கள் இருந்தார்கள். கூட்டணி கேட்டது என்பதற்காகப் போட்டவர்கள் இருந்தார்கள். இடதுசாரித் தோழர்கள் சனநாயகத்தைச் சொல்லி வீடு வீடாகத் திரிந்தார்கள். ஆனால் எல்லாரும் சேர்ந்து போட்ட வாக்கின் பொருள் ஒன்றுதான்: கொழும்புப் பாராளுமன்றத்துக்குத் தேர்தல் வையுங்கள். ஐந்து வருடத்துக்கு முன் தமிழீழத்துக்கு ஆணை கேட்ட கட்சிக்கு வாக்குப் போட்ட அதே மக்கள் இப்படிச் சொன்னார்கள் என்பதுதான் என்னைத் திரும்பத் திரும்ப யோசிக்க வைக்கிறது. தனி நாடு கேட்டுவிட்டார்கள், இந்த நாட்டின் சனநாயகத்தில் அவர்களுக்கு அக்கறை இல்லை என்று தெற்கில் சொன்னவர்களுக்கு இந்த மாவட்டம் அன்று கொடுத்த பதில் அது. வாக்கால் ஒன்றும் ஆகாது என்று எங்கள் பக்கத்தில் சொல்லத் தொடங்கியிருந்த ஆயுத இளைஞர்களுக்கும் அதே பதில்தான்.

புள்ளிவிபரத்திலும் அது தெரிகிறது. நாடு முழுவதும் அக்டோபரில் நூற்றுக்கு 81 ஆக இருந்த வாக்களிப்பு டிசம்பரில் 71 ஆக விழுந்தது. பயமும் சலிப்பும் தெற்கில் இலட்சக்கணக்கானவர்களை வீட்டில் இருத்தின. யாழ்ப்பாணத்தில் வாக்களிப்பு ஏறியது. அக்டோபரைவிட ஏறத்தாழ எழுபதினாயிரம் வாக்குகள் கூடுதலாக விழுந்தன. நாங்கள் தனித்தும் நிற்கவில்லை. நாடு முழுவதும் குடத்துக்கு விழுந்த வாக்கு 26,05,983. அதில் யாழ்ப்பாண மாவட்டத்தின் பங்கு இரண்டரை இலட்சத்துக்குச் சற்று மேல். மிச்சத்தில் பெரும்பகுதி தெற்கில் சிங்கள மக்கள் போட்டது. முகவர்கள் விரட்டப்பட்ட, பிக்குகளின் பிரசுரம் பறிக்கப்பட்ட அந்தத் தெற்கில் இருபது இலட்சத்துக்கு மேற்பட்டவர்கள் எங்களோடு ஒரே சின்னத்துக்குப் புள்ளடி போட்டார்கள். சுதந்திரத்துக்குப் பின் வடக்கும் தெற்கும் ஒரே கேள்விக்கு இவ்வளவு பெரிய தொகையில் ஒரே பதில் சொன்ன இன்னொரு சந்தர்ப்பத்தை 1982க்கு முன் நான் காணவில்லை. அந்தச் சந்தர்ப்பத்தை இரண்டு பக்கத் தலைவர்களும் பயன்படுத்தவில்லை.

விளக்கு 31,41,223 வாக்கோடு வென்றது. நூற்றுக்கு 54.7. அக்டோபரில் ஜே.ஆர். எடுத்ததைவிட மூன்று இலட்சம் குறைவு. பதிவுசெய்த வாக்காளர் மொத்தத்தில் நூற்றுக்கு 39 பேர்கூட இல்லை. அவர்களின் ஆதரவைக் கொண்டு, 1977இல் கிடைத்த ஆறில் ஐந்து பங்கு ஆசனங்களை இன்னும் ஆறு வருடத்துக்கு வைத்துக்கொண்டார்கள். விளக்குத் தோற்ற தொகுதிகளில் ஆளும் கட்சி உறுப்பினர்களை விலகச் செய்து 1983 மே 18இல் 18 இடைத்தேர்தல்கள் வைத்தார்கள். நூற்றுக்கு 91 பேர் மறுத்த யாழ்ப்பாணத்துக்கு இடைத்தேர்தலும் இல்லை, பொதுத்தேர்தலும் இல்லை. அதே மே 18இல் உள்ளூராட்சித் தேர்தல் மட்டும் வைத்தார்கள்.

அந்த நாளைப் பாருங்கள். டிசம்பரில் விறாந்தை வரை வரிசையில் நின்ற சனம் மே மாதத்தில் வீட்டை விட்டு வரவில்லை. விடுதலைப் புலிகள் பகிஷ்கரிக்கச் சொன்னார்கள். வேட்பாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார்கள். பயம் ஒரு காரணம், அதை மறைக்கக்கூடாது. கந்தர்மடத்து வாக்குச்சாவடியில் காவலுக்கு நின்ற இராணுவத்தினர் தாக்கப்பட, பின்னேரம் அந்தப் பகுதி வீடுகளை இராணுவம் எரித்தது. ஆனால் பயம் மட்டும்தான் காரணம் என்று நான் நம்பவில்லை. ஐந்து மாதத்துக்கு முன் இவ்வளவு தெளிவாகச் சொல்லியும் அது எந்தக் கணக்கிலும் சேரவில்லை என்று கண்ட சனத்திடம், வாக்குப் போட்டு என்ன கண்டீர்கள் என்று கேட்கும் இளைஞனுக்குப் பதில் சொல்ல அந்தச் சனத்திடம் ஒன்றும் மிஞ்சவில்லை. என்னுடைய வயதுப் பெடியள் எத்தனையோ பேர் அந்த வருடம்தான் போனார்கள். அவர்களை அனுப்பியது 1983 ஜூலை என்று எல்லாரும் சொல்கிறோம். அதில் பெரும்பகுதி உண்மை. வாக்கில் இருந்த நம்பிக்கை அதற்கு முன்பே போய்விட்டது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஜூலைக்குப் பின் ஆகஸ்டில் ஆறாவது திருத்தம் வந்தது. பிரிவினைக்கு எதிராகச் சத்தியம் செய்ய மறுத்த கூட்டணி உறுப்பினர்கள் ஆசனங்களை இழந்தார்கள். 1977இல் வடக்கின் எல்லா ஆசனங்களும் கூட்டணியிடம் இருந்தவை. ஆகவே நீட்டப்பட்ட அந்தப் பாராளுமன்றத்தில் 1989 வரைக்கும் வடக்கின் பிரதிநிதி ஒருவரும் இல்லை. பதின்மூன்றாவது திருத்தத்தை, மாகாண சபைகளை, எங்களுக்கான தீர்வு என்று சொல்லப்பட்டதை, 1987 நவம்பரில் நிறைவேற்றியது அந்தப் பாராளுமன்றம்தான். எங்களுக்காக ஒரு சட்டம், எங்கள் பிரதிநிதி ஒருவர்கூட இல்லாத சபையில் நிறைவேறியது. நான் முதன்முதலாக ஒரு பொதுத்தேர்தலைக் கண்டது 1989 பெப்ரவரியில். எனக்கு முப்பது வயது.

தெற்கிலும் அதே தலைமுறை அதே விலையைக் கொடுத்தது. குடத்துக்கு உழைத்த ஜே.வி.பி. 1983 ஜூலையில் தடை செய்யப்பட்டது. சில வருடத்தில் அவர்களும் ஆயுதம் எடுத்தார்கள். 1987 முதல் 1989 வரை தெற்கில் பல்லாயிரம் இளைஞர்கள் கொல்லப்பட்டார்கள், காணாமல் ஆக்கப்பட்டார்கள். தங்கள் முதல் பொதுத்தேர்தலுக்காக வருடக்கணக்கில் காத்திருக்க வைக்கப்பட்ட பிள்ளைகள் அவர்களும்தான்.

1987 இந்திய - இலங்கை ஒப்பந்தத்தில் கிழக்கு மாகாணத்தில் ஒரு வாக்கெடுப்பு என்று எழுதியிருந்ததையும் சொல்ல வேண்டும். வடக்கோடு இணைந்திருப்பதா என்று 1988 முடிவதற்குள் கிழக்கு மக்களைக் கேட்பதாக உறுதி. ஒவ்வொரு வருடமும் தள்ளிப் போட்டார்கள். கடைசியில் 2006இல் உயர் நீதிமன்றத் தீர்ப்போடு இணைப்பே போய்விட்டது. எங்களைக் கேட்ட வாக்கெடுப்பில் எங்கள் பதில் கணக்கில் வரவில்லை. கேட்பதாகச் சொன்ன வாக்கெடுப்பு நடக்கவேயில்லை.

இவ்வளவையும் இன்று ஏன் சொல்கிறேன்? கடந்த செப்டம்பரில் அநுர குமார திசாநாயக்க ஜனாதிபதியானார். போன மாதம் அவருடைய தேசிய மக்கள் சக்தி 225இல் 159 ஆசனங்களை வென்றது. யாழ்ப்பாண மாவட்டத்தின் ஆறில் மூன்று அவர்களுக்குக் கிடைத்தது. புதிய அரசியலமைப்பை எழுதி, சர்வசன வாக்கெடுப்பில் மக்களிடம் கொண்டுபோவோம் என்று அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். மூன்றில் இரண்டுக்கு மேல் ஆசனம் கையில் இருக்கிறது. 1982இல் தேர்தல் வேண்டும் என்று குடத்துக்கு உழைத்த ஜே.வி.பி.யின் வாரிசுகள் இன்று கேள்வி எழுதும் இடத்தில் இருக்கிறார்கள். அதை நான் நம்பிக்கையோடுதான் பார்க்கிறேன். அந்த நம்பிக்கை காரணமாகவே சிலவற்றை உரிமையோடு கேட்கிறேன்.

சட்டப்படி நாடு முழுவதையும் ஒரே தொகுதியாக எண்ணித்தான் முடிவு சொல்லுவார்கள். ஒரு மாவட்டம் நூற்றுக்கு 91 சொன்னாலும் அது பெருந்தொகைக்குள் கரைந்துபோகும். 2016இல் பிரித்தானியாவில் ஸ்கொட்லாந்து நூற்றுக்கு 62 வாக்கோடு ஐரோப்பிய ஒன்றியத்தில் இருக்க விரும்பியது. வெளியேற வேண்டியதாயிற்று. அங்கே வாக்களித்த எங்கள் பிள்ளைகளுக்கு இது தெரியும். அவுஸ்திரேலியாவில் அரசியலமைப்பை மாற்ற நாடு தழுவிய பெரும்பான்மையோடு ஆறு மாநிலங்களில் நான்கின் பெரும்பான்மையும் வேண்டும். சுவிற்சர்லாந்தில் கன்ரன்களின் பெரும்பான்மையும் வேண்டும். அதை அப்படியே இங்கே கொண்டுவரச் சொல்லி நான் கேட்கவில்லை. ஒன்பதில் ஏழு மாகாணங்கள் சிங்களப் பெரும்பான்மையுடையவை. அந்த விதி எங்களுக்கு நல்லதாக வரும் ஒரு மாற்றத்தையும் தடுத்துவிடலாம். நான் கேட்பது இதைவிடக் குறைவு. வடக்கு, கிழக்கு மக்களின் அதிகாரத்தைத் தொடும் எந்த ஏற்பாடும் அந்த இரண்டு மாகாணங்களிலும் பெரும்பான்மை கிடைக்காமல் நடைமுறைக்கு வரக்கூடாது. 1972 அரசியலமைப்பும் 1978 அரசியலமைப்பும் தமிழர் பிரதிநிதிகளின் சம்மதம் இல்லாமல் எழுதப்பட்டவை. மூன்றாவதும் அப்படி ஆகக்கூடாது.

அவசரகாலச் சட்டம் இருக்கும்போது எந்த வாக்கெடுப்பும் வேண்டாம். வரைவின் தமிழ்ப் பிரதி ஒவ்வொரு வீட்டுக்கும் போக வேண்டும், அதைப் படித்து விவாதிக்க மாதக்கணக்கில் நேரம் வேண்டும். தமிழ் மக்களிடம் பொதுவாக்கெடுப்பு நடத்த வேண்டும் என்று சர்வதேசத்திடம் கேட்கும் எங்கள் இளைஞர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். கேள்வியை யார் எழுதுகிறார்கள், பட்டியலில் யார் இருக்கிறார்கள், எண்ணி முடித்த பிறகு தோற்ற பக்கத்தை என்ன செய்வார்கள் என்று முதலில் கேளுங்கள். மலையகத்தையும் முஸ்லிம் மக்களையும் எங்கே நிறுத்துகிறீர்கள் என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

தேர்தலைத் தள்ளிப்போடும் நோய் 1982ஓடு போகவில்லை. இந்த வருடம் மே மாதம்கூட, ஜனாதிபதித் தேர்தலையும் பொதுத்தேர்தலையும் ஒரு சர்வசன வாக்கெடுப்பின் மூலம் இரண்டு வருடம் தள்ளலாம் என்று ஐக்கிய தேசியக் கட்சியின் பொதுச் செயலாளர் சொன்னார். நாடு எதிர்த்தது, அது நடக்கவில்லை. ஆனால் 2023 மார்ச்சில் நடக்க வேண்டிய உள்ளூராட்சித் தேர்தல் பணமில்லை என்று நின்றது. அது உரிமை மீறல் என்று இந்த ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியும் 2024 டிசம்பர் வரை நடக்கவில்லை. வட மாகாண சபையின் காலம் 2018 அக்டோபரில் முடிந்தது. ஆறு வருடமாகத் தேர்தல் இல்லை. இன்று இங்கே இருக்கும் இருபத்தைந்து வயதுப் பிள்ளை ஒருவர் மாகாண சபைக்கு வாக்களித்ததே கிடையாது. ஆறு வருடம் தேர்தலை இழுத்தால் ஒரு தலைமுறைக்கு என்ன நடக்கும் என்பது எங்கள் ஊருக்குத் தெரியும். புதிய அரசாங்கம் அரசியலமைப்பைப் பற்றிப் பேசுவதற்கு முன் மாகாண சபைத் தேர்தலை நடத்தட்டும். எங்களிடம் இன்னொரு ஆம், இல்லை கேட்பதற்கு அது முதல் தகுதி.

கடைசியாக ஒரு வேண்டுகோள். அறுபது வயதைத் தாண்டியவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். 1982இல் நீங்கள் எதற்குப் போட்டீர்கள், ஏன் போட்டீர்கள், போகாமல் விட்டீர்களானால் ஏன் விட்டீர்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். விளக்குக்குப் போட்டவர்களும் எழுதுங்கள். யாழ்ப்பாணத்தில் நூற்றுக்கு ஒன்பது பேர் அப்படிப் போட்டார்கள், அவர்களின் காரணமும் எங்களுக்கு வேண்டும். பெட்டிக்குள், பரணில், அந்த நேரத்துத் துண்டுப் பிரசுரமோ பத்திரிகை நறுக்கோ வாக்காளர் அட்டையோ இருந்தால் அதை எறிந்துவிடாதீர்கள். நூலகம் நிறுவனத்தார் இப்படியானவற்றை மின்வருடிப் பாதுகாக்கிறார்கள். அவர்களிடம் கொண்டுபோய்க் கொடுங்கள்.